மீதி 304 நாள்களில் என்ன நடக்கிறது?

ஏப்ரல் 15 பிறந்ததும் திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரியின் கிழக்குக் கரை வரை விசைப்படகுகள் கட்டிப் போடப்படுகின்றன. ஜூன் 14 வரை 61 நாள்கள் தடை. அந்த இரண்டு மாதமும் வஞ்சிரத்தின் விலை தினமும் செய்தியாகிறது. ஜூன் 15 அன்று படகுகள் கிளம்புகின்றன, விலை இறங்குகிறது, பேச்சு அடங்கிவிடுகிறது. ஆனால், கடலில் மீன் இருக்குமா இருக்காதா என்பதை ஆண்டின் மீதி 304 நாள்கள்தான் முடிவு செய்கின்றன. அந்த நாள்களுக்கும் நம்மிடம் சட்டம் இருக்கிறது. அதைக் கடலில் யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை என்பதே இன்றைய பிரச்சினை.

கூப்பிடு தூரத்தில் கடல்

தென் சென்னையில் வசிப்பவர்களுக்கு இது ராமேசுவரத்துச் சங்கதி, நாகப்பட்டினத்துச் சங்கதி என்று தோன்றலாம். ஆனால், மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டால் பதினைந்து நிமிடத்தில் நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம். பட்டினப்பாக்கத்தின் கடைசியில் சீனிவாசபுரம். அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். அப்புறம் திருவான்மியூர்க் குப்பம், கொட்டிவாக்கம், நீலாங்கரை. மாநகரத்துக்குள்ளேயே வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. கடலை நம்பித்தான் இன்னமும் இருக்கின்றன.

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது நகரம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. சாலை யாருக்கு, கடற்கரை யாருக்கு என்று அனல் பறந்தது. 2024-ல் அங்கே முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. மீனை எந்த இடத்தில் வைத்து விற்பது என்பதில் நாம் காட்டிய அக்கறையில் கால் பங்கைக்கூட, அந்த மீன் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதில் காட்டவில்லை.

அந்த அங்காடியில் மீன் விற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உள்ளூர் ஃபைபர் படகுகள் காலையில் கொண்டுவந்த நண்டும் கவலையும் கிழங்கானும் ஒரு பக்கம் இருக்கும். மற்றவற்றில் கணிசமான பகுதி, விடிவதற்கு முன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஆட்டோவில் ஏற்றி வந்ததாக இருக்கும். முகத்துக்கு எதிரே கடல் கிடக்க, வடசென்னைக்குப் போய் மீன் வாங்கி வந்து விற்கிறார்கள். ஏல முதல், ஆட்டோக் கூலி, ஐஸ் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவர்களுக்கு. முதலுக்குக் கடன் வாங்கியவர்களுக்கு அதிலும் வட்டி போகும்.

கட்டுமரம் இருந்தவரை வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய உழைப்பு வீணாகும், அவ்வளவுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. எஞ்சின் வந்தது, எரிபொருள் செலவும் கூடவே வந்தது. இன்று வெறுங்கையோடு திரும்பும் படகு கைப்பணத்தையும் கடலில் விட்டுவிட்டு வருகிறது. மீன் குறையக் குறைய இன்னும் தூரம் போக வேண்டும். தூரம் போகப் போகச் செலவு கூடும். மகனைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று குப்பத்துத் தகப்பன்மார் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சட்டம் போட்டு நாற்பது ஆண்டுகள்

கடலில் எல்லா இடமும் ஒன்றல்ல. கரையை ஒட்டிய சில மைல் அகலப் பகுதியில்தான் ஆழம் குறைவு; வெயில் அடி வரை இறங்கும்; ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் சத்தும் அங்கேதான் தங்கும். இறால், நண்டு, இன்னும் எத்தனையோ மீன்களின் குஞ்சுகள் வளர்வது இந்தப் பகுதியில். சிறு படகுக்காரர்கள் எட்டக்கூடிய கடலும் இதுதான்.

இழுவை மடி போடும் விசைப்படகுகள் இங்கே நுழையும்போது இரண்டு கேடுகள் ஒரேயடியாக நடக்கின்றன. வலை கடலடியை வாரிக்கொண்டு போகிறது. இறாலைக் குறிவைத்துப் போடும் மடியில் இறாலைவிடப் பல மடங்கு வேறு உயிர்கள் ஏறுகின்றன. அவற்றில் கணிசமானவை குஞ்சுகள். வழியில் நாட்டுப் படகுக்காரர் விரித்து வைத்த வலை இருந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போகிறது. ஒரு வலையின் விலை அந்தக் குடும்பத்தின் பல மாத வருமானம்.

இந்த மோதல் புதிதல்ல. 1970-களில் தமிழகக் கடற்கரையில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே மூண்ட சண்டைகளின் விளைவாகத்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்றது அது. பிறகு அது 5 கடல் மைலாயிற்று. அதாவது, கரையிலிருந்து 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. எஞ்சின் திறன் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடிக்கு 2000-லிருந்து தடை. அந்தத் தடையை எதிர்த்த வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை அனுமதி.

படிக்கும்போது குறை சொல்ல முடியாத விதிகள். நடப்பு வேறு. இரவில் கரையோரமாக நகரும் படகு விளக்குகளை ஆல்காட் குப்பத்து மணலில் நின்றே பார்க்கலாம் என்கிறார்கள் மீனவர்கள். அதிவேக எஞ்சின் பொருத்திய படகுகளுக்கு எதிராகக் காசிமேட்டு விசைப்படகு மீனவர்களில் ஒரு பகுதியினரே போராடியிருக்கிறார்கள். விதியை மதிக்கும் படகோட்டி நஷ்டப்படுகிறார். மீறுகிறவர் நிறைந்த மடியோடு திரும்புகிறார். விதி மீறல் லாபகரமாக இருக்கும்வரை யோக்கியர்கள் தொழிலில் நிலைக்க முடியாது.

61 நாள் தடை மட்டும் ஏன் ஒழுங்காக நடக்கிறது? படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறதா இல்லையா என்பதைக் கரையிலிருந்தே பார்த்துவிடலாம். அதற்குக் கடலுக்குப் போக வேண்டாம், ரோந்துப் படகு வேண்டாம். மற்ற விதிகள் எல்லாம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் மீறப்படுகின்றன. எனவே அரசு எளிதானதைச் செய்துவிட்டு, கடினமானதைக் கடலோடு விட்டுவிட்டது. இரண்டு மாதம் கடல் ஓய்ந்து கிடந்து வளர்த்த குஞ்சுகள், தடை முடிந்த முதல் சில வாரங்களில் மொத்தமாக வாரப்படுகின்றன.

கரை ஒதுங்கிய ஆமைகள்

2025 ஜனவரியை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் காலை நடை போகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணலில் ஆங்காங்கே செத்த ஆமைகள் கிடந்த நாள்கள் உண்டு. சில வாரங்களுக்குள் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் கரையோரம் ஒதுங்கிய பங்குனி ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் மடிக்குள் மாட்டினால் மூச்சுத் திணறிச் சாகும். முட்டையிடக் கரையை நெருங்கும் ஆமைகள் இத்தனை செத்தன என்றால், அவை நெருங்கிய அதே கரையோரத்தில் மடிகளும் இழுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் பகுதிகளைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் இயந்திர மீன்பிடிப்பு கூடாது என்று 2016-லேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணை எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பதற்கு மணலில் கிடந்த உடல்களே சாட்சி.

1988 முதல் ஆண்டுதோறும் இந்தக் கரையில் இரவு முழுவதும் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள் சென்னை மாணவர்கள். எத்தனை தலைமுறை மாணவர்களின் தூக்கம் அது! கரையில் அவர்கள் ஒவ்வொன்றாகக் காப்பாற்றுவதைக் கடலில் ஒரே பருவத்தில் இழக்கிறோம்.

ஆமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆமை பெரியது, செத்தால் மிதந்து கரைக்கு வருகிறது, படம் எடுக்கலாம். அதே மடியில் மாட்டிய கைவிரல் நீள நவரையும் சங்கராக் குஞ்சும் கரை ஒதுங்குவதில்லை. கழிவு மீன் என்ற பெயரில் கூடை கூடையாக அள்ளப்பட்டு மீன்மாவு ஆலைக்குப் போகின்றன. அங்கிருந்து இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனமாகின்றன. வளர விட்டிருந்தால் கிலோ பல நூறு ரூபாய்க்குப் போயிருக்கும் மீன், தீவன விலைக்குப் போகிறது. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய நெத்திலியும் காரப்பொடியும்கூட அந்தக் கூடையில்தான். இது விதைநெல்லைக் குத்தி மாட்டுக்குப் போடுகிற காரியம்.

வஞ்சிரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன். முதன்முறை முட்டையிடும் பக்குவத்துக்கு வர ஏறத்தாழ 70 சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். முழங்கை நீளம்கூட இல்லாத குட்டி வஞ்சிரத்தை நம் சந்தைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலை மலிவு என்று நாமும் வாங்குகிறோம். அந்த மீன் ஒரு முறைகூட இனம் பெருக்காமல் நம் தட்டுக்கு வந்தது.

பாக் நீரிணை நடந்த பாதை

மீன் தீர்ந்த கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. பாக் நீரிணை போதும். இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை கிடைத்த காலத்தில் அரசே மானியம் கொடுத்து இழுவைப் படகுகளை ஊக்குவித்தது. குறுகிய, ஆழமற்ற கடல். அதில் ஆயிரக்கணக்கில் படகுகள். சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு கடல் மைலுக்குள் சர்வதேச எல்லை வந்துவிடும். கரையோர 5 மைலைக் கழித்தால் சட்டப்படி மீன் பிடிக்க எவ்வளவு மிஞ்சும்? நம் பக்கம் வெறுமையானபோது படகுகள் எதிர்ப்பக்கம் போயின.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும் தமிழர்கள்தான். 1983 முதல் 2009 வரை போரும் கடல் தடைகளும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களைக் கரையிலேயே முடக்கி வைத்தன. போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கிக் கடலில் இறங்கியவர்களின் வலைகளை நம் இழுவைப் படகுகள் அறுத்தன. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் கடலடி இழுவை முறையையே சட்டம் போட்டுத் தடை செய்தது. 2024-ல் மட்டும் தமிழக மீனவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டார்கள். படகுகள் பறிமுதல், சிலருக்குச் சிறை, சிலருக்குக் கட்ட முடியாத அபராதம், உயிரிழப்புகளும் உண்டு.

கைதான மீனவர்களை மீட்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அன்றாடப் பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள், படகு இன்னொருவருடையது. ஆனால், ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் கடிதம் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த வாரம் அடுத்த படகு. நோயின் வேர், மீன் தீர்ந்துபோனதில் இருக்கிறது.

அதற்கு மருந்தாக 2017-ல் ஒரு திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2,000 இழுவைப் படகுகளைக் கைவிட வைத்து, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளைத் தருவது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். இலக்கில் சிறு பங்கு மட்டுமே நிறைவேறியது. 80 லட்சத்தில் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அன்றாடம் கரை திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கப் பயிற்சி இல்லை என்றார்கள். இரண்டும் நியாயமான காரணங்கள். திட்டத்தை மீனவர்களோடு உட்கார்ந்து வகுத்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

சென்னைக்கும் இதில் பாடம் உண்டு. காசிமேட்டு விசைப்படகுகள் ஆந்திரக் கரையோரம் வரை போய், நெல்லூர் மீனவர்களால் சிறைபிடிக்கப்படுவது அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. பாக் நீரிணையில் நாட்டு எல்லை. இங்கே மாநில எல்லை. காரணம் ஒன்றே.

மீனைக் காத்த தீவும் இழந்த தீவும்

நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன மாலத்தீவு, சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்கும் பழைய முறையை இன்றும் விடவில்லை. இழுவை வலைக்கு அங்கே இடமில்லை. அப்படிப் பிடித்த சூரைக்கு 2012-ல் சர்வதேசத் தரச் சான்று கிடைத்தது. ஐரோப்பியக் கடைகளில் தனி மதிப்பும் கிடைக்கிறது. அந்தத் தீவு நாடு, மீனை அளந்து பிடிப்பதையே தன் பலமாக ஆக்கிக்கொண்டது.

இன்னொரு தீவு நியூஃபவுண்ட்லாந்து. பல நூற்றாண்டுகளாக உலகத்துக்கே காட் மீன் கொடுத்த கனடாவின் அந்தக் கரையில், பெரிய இழுவைக் கப்பல்கள் அள்ளித் தீர்த்த பின் 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இரண்டாண்டுக்கு என்று சொன்ன தடை, முப்பதாண்டு கடந்து 2024-ல்தான் சிறிய அளவில் விலக்கப்பட்டது.

நம் பக்கத்திலேயே கேரளத்தின் மத்தி இருக்கிறது. 2012-ல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-ல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடல் சூடானதும் எல் நினோவும் காரணங்கள். குஞ்சுகளை வரைமுறையின்றிப் பிடித்ததும் காரணம். கேரளம் 2015-ல் தொடங்கி, இன்ன மீனை இன்ன நீளத்துக்குக் குறைவாகப் பிடிக்கக் கூடாது என்று 58 வகைகளுக்கு வரம்பு போட்டது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். விதி மீறிக் குஞ்சு மீனோடு வரும் படகுகளைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். 2022-லிருந்து மத்தி திரும்பி வந்தது. லட்சம் டன்னைத் தாண்டியது. முழுப் பெருமையும் சட்டத்துக்கு என்று சொல்ல மாட்டேன். கடலும் கருணை காட்டியது. ஆனால் குஞ்சுகள் மிச்சம் இருந்தால்தான் கடலின் கருணை பலிக்கும்.

மறுப்பவர்களின் வாதம்

மிகை மீன்பிடிப்பு என்பதே சூழலியலாளர்களின் பூதாகரக் கற்பனை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் புள்ளிவிவரம் இருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு ஆய்வு செய்த 135 மீன்வளத் தொகுதிகளில் 91.1 சதவீதம் நலமாக இருப்பதாகச் சொன்னது. உலக அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிகையாகப் பிடிக்கப்பட்டிருக்கும்போது இது நல்ல செய்திதான். வரவேற்போம்.

ஆனால், நாடு முழுவதற்குமான சராசரி, ஊரூர் குப்பத்துக்கு எதிரே உள்ள 5 மைல் கடலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு வகை மீன் ஆழ்கடலில் நலமாக இருக்கலாம். நாட்டுப் படகு எட்டும் தூரத்தில் இல்லாமல் போயிருக்கலாம். மொத்த எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். தமிழகத்தின் கடல் மீன் வரத்து 2022-ல் 7.22 லட்சம் டன், 2023-ல் 5.65 லட்சம், 2024-ல் 6.79 லட்சம். ஓராண்டு ஏற்றத்தை வைத்து நிம்மதியடைவதும் ஓராண்டு இறக்கத்தை வைத்து அலறுவதும் ஒரே தவறு. எடையில் எத்தனை பங்கு குஞ்சு, எத்தனை பங்கு மீன்மாவு ஆலைக்குப் போனது, எத்தனை லிட்டர் டீசல் எரித்துப் பிடித்தது என்பவைதான் உண்மையைக் காட்டும்.

படகுகளின் எண்ணிக்கையையும் பேசித்தான் ஆக வேண்டும். தமிழகத்தில் சுமார் 6,000 விசைப்படகுகள், 40,000-க்கும் மேற்பட்ட நாட்டுப் படகுகள். சுனாமிக்குப் பின் பெருகிய ஃபைபர் படகுகளும் கடலின் மேல் ஒரு சுமைதான். சிறியவர் எல்லாம் நல்லவர், பெரியவர் எல்லாம் கெட்டவர் என்று நான் பிரிக்கவில்லை. விசைப்படகில் கடன்பட்டுக் கிடக்கும் உரிமையாளரும் இருக்கிறார். பத்து நாள் கடலில் தங்கிக் குறைந்த பங்கோடு இறங்கும் தொழிலாளியும் இருக்கிறார். கடல் தீர்ந்தால் முதலில் நடுத்தெருவுக்கு வருவது அவர்களும்தான்.

கரையிலேயே செய்யக்கூடியவை

பரந்த கடலில் ஒவ்வொரு படகையும் துரத்த முடியாது, உண்மைதான். அதனால் கரையில் பிடிப்போம். அதற்கான கருவிகள் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கின்றன.

முதலாவது, டீசல். ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், எஞ்சின் பொருத்திய நாட்டுப் படகுக்கு 4,400 லிட்டர் என்று வரி விலக்கு டீசலை அரசு தருகிறது. மக்கள் பணம் இது. தடை செய்யப்பட்ட மடி, அளவு மீறிய எஞ்சின், 5 மைலுக்குள் மீன்பிடிப்பு என எது உறுதியானாலும் அந்தப் படகுக்கு அந்த ஆண்டு வரி விலக்கு இல்லை என்று ஒரு ஆணை போதும். அபராதத்தைவிட இது வலிக்கும். விதிப்படி நடக்கும் படகுக்கு மிச்சமாகும் டீசலைக் கூடுதலாகக் கொடுக்கலாம்; யோக்கியமாக இருப்பதற்கு ஒரு லாபம் இருக்கட்டும்.

இரண்டாவது, விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வரும் கருவிகள். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான இருவழித் தொடர்புக் கருவிகள் தமிழகத்தில் சுமார் 5,000 விசைப்படகுகளுக்கு என்று திட்டமிடப்பட்டவை. புயல் எச்சரிக்கைக்கும் எல்லை எச்சரிக்கைக்கும் பயன்படும் அதே கருவி, படகு 5 மைலுக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் சொல்லும். அதை அணைத்து வைக்கும் படகுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி தரக் கூடாது. மீனவரின் அந்தரங்கம், மீன் கிடைக்கும் இடம் பற்றிய தொழில் ரகசியம் ஆகியவை காக்கப்பட வேண்டும். விதி மீறிய விவரம் மட்டும் துறைக்குப் போனால் போதும்.

ஆமை தப்பிக்கும் வழி வைத்த மடி வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதி நிறுத்தாமல், அரசே செலவேற்றுப் பொருத்தித் தரலாம். ஆமை தப்பிக்கும் அந்த வழி மடியில் இல்லை என்பதற்காகவே கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. ஆமைக்கு ஆகும் செலவு இறால் விலையில் திரும்பி வரும்.

கேரளத்தைப் போலக் குறைந்தபட்ச நீள வரம்பைத் தமிழகமும் கறாராகக் கொண்டுவர வேண்டும். அதைக் கூடைக்காரப் பெண்களின் தலையில் சுமத்தக் கூடாது. காசிமேட்டிலும் மற்ற இறங்குதளங்களிலும் ஏலத்துக்கு முன்பே, படகிலிருந்து இறங்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். குஞ்சு மீனை வாங்கும் மீன்மாவு ஆலைகளின் வாசலிலும் அளக்க வேண்டும். வாங்குவார் இல்லாவிட்டால் பிடிப்பார் இல்லை.

குப்பங்களை இந்த வேலையில் பங்காளியாக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள், கடலுக்குக் கேடு என்று கண்ட வலைகளை அரசு சொல்வதற்கு முன்பே தாங்களாகத் தடை செய்த வரலாறு உண்டு. எந்தப் படகு எந்த இரவு கரையோரம் வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். புகார் சொல்ல ஓர் எண். சொன்னால் இத்தனை மணி நேரத்தில் கடல் அமலாக்கப் பிரிவு வரும் என்ற உறுதி. வந்ததா இல்லையா என்பதை மாதந்தோறும் வெளியிடுதல். இவ்வளவுதான் கேட்கிறார்கள். அடையாற்றிலும் கூவத்திலும் கழிவுநீர் கலப்பதை நிறுத்தாமல் மீனவரை மட்டும் ஒழுங்குபடுத்தினால் அதுவும் அநீதிதான்; முகத்துவாரம் உயிரோடு இருந்தால்தான் மடவையும் இறாலும் உள்ளே வந்து வளரும்.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது போதாது. கடலைக் காக்கும் செலவை மீனவக் குடும்பம் மட்டும் சுமக்கக் கூடாது. அந்தத் தொகையை உயர்த்திக் கேட்பவர்களோடு மீன் சாப்பிடும் நாமும் நிற்க வேண்டும்.

மீன் வாங்குகிறவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று மூன்றே மீன்களைக் கேட்டுப் பழகிவிட்டோம். செயலியில் விரல் தட்டினால் சுத்தம் செய்து வீட்டுக்கு வருவதும் பெரும்பாலும் இவைதான். கிழங்கான், நவரை, பாறை, சூரை, கானாங்கெளுத்தி என்று அந்தந்தப் பருவத்தில் எது நிறையக் கிடைக்கிறதோ அதைக் கேளுங்கள். குட்டி வஞ்சிரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். லூப் சாலையிலோ பெசன்ட் நகர்க் கரையிலோ, இது நம்ம படகு மீனா என்று கேட்டு வாங்குங்கள். அதற்குப் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள்.

மீன்வளத் துறை ஒவ்வொரு தடைக்காலத்திலும் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. பதிவு எண்ணையும் உரிமத்தையும் பார்ப்பதோடு நிற்காமல், வரும் தடைக்காலத்தில் ஒவ்வொரு படகின் எஞ்சினையும் மடியையும் சோதிக்கட்டும். எத்தனை படகுகள் தேறின, எத்தனை தேறவில்லை, தேறாதவற்றின் மீது என்ன நடவடிக்கை என்ற பட்டியலை ஜூன் 15-க்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். காசிமேட்டிலிருந்து தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். முதல்வரும் மீன்வளத் துறை அமைச்சரும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.